இதாகா மாடல் 37, 16 போர்: தேய்ந்துபோன பழைய துப்பாக்கியை நம்பி வாங்கலாமா?

நியூயார்க், பென்சில்வேனியா, ஓஹையோ பக்கம் பழைய துப்பாக்கி விற்கும் கடைகளில் அடிக்கடி கண்ணில் படுவது இதாகா மாடல் 37. ஸ்லைடு என்ற முன்கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் பம்ப் வகை வேட்டைத் துப்பாக்கி இது. போர் என்பது குழல் துளையின் அளவு, எண் கூடக் கூடத் துளை சின்னது. கருநீலப் பூச்சு வெளுத்திருக்கும். தூக்கி நடந்த கை பட்டுப் பட்டு ரிசீவரின் (இயங்கும் பாகங்கள் உள்ள நடு எஃகுப் பெட்டி) அடிப்பக்கம் வெள்ளையாக மின்னும். வால்நட் கட்டையில் வேலிக் கம்பி கீறிய தழும்புகள் இருக்கும். அதன் பக்கத்திலேயே பளபளவென்று இன்னொரு 37 நின்றால், புதிதாக வாங்குபவர் அதைத்தான் எடுப்பார். நாங்கள் சொல்வது, தேய்ந்ததை முதலில் கையில் எடுங்கள். கை படும் இடத்தில் மட்டும் பூச்சு போயிருந்தால், வருடாவருடம் வேட்டைக்குப் போய்வந்து துடைத்து வைக்கப்பட்ட துப்பாக்கி என்று அர்த்தம். பளபளப்பு பல சமயம் மறுபூச்சாக இருக்கும். ரிசீவரில் பதித்திருக்கும் நாய், வாத்துப் படங்களின் கோடுகள் மழுங்கி, திருகுத் துளைகளின் விளிம்பு உருண்டு போயிருந்தால் யாரோ துருவைத் தேய்த்து எடுத்துப் பூச்சு போட்டிருக்கிறார்கள். வெளித் தேய்மானத்துக்கு விலையில் பேரம் பேசலாம், அதற்காக ஒதுக்க வேண்டாம். ஒதுக்க வேண்டிய காரணங்கள் உள்ளே இருக்கின்றன. இந்த மதிப்புரையின் பெரும்பகுதி அவற்றைப் பற்றியதுதான்.

வடிவமைப்பின் வேர் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங்குடையது. அதை ஜான் பெடர்சன் செம்மைப்படுத்த, ரெமிங்டன் நிறுவனம் மாடல் 17 என்ற பெயரில் 20 போரில் மட்டும் தயாரித்தது. நியூயார்க் மாநிலத்தின் இதாகா ஊரில் இருந்த இதாகா கம்பெனி, காப்புரிமைகள் காலாவதியாகும்வரை காத்திருந்து 1937-இல் தன் பதிப்பை இறக்கியது. மாடல் எண் வந்தது அந்த ஆண்டிலிருந்துதான். பிறகு கம்பெனி கைமாறி, கிங் ஃபெர்ரிக்கும் அங்கிருந்து ஓஹையோவின் அப்பர் சண்டஸ்கிக்கும் போனது. நடுவில் கொஞ்ச காலம் மாடல் 87 என்ற பெயரிலும் விற்றார்கள். மொத்தம் இருபது லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டவை என்பதால் உதிரி பாகங்களுக்கு இன்றும் பெரிய தட்டுப்பாடு இல்லை.

இந்தத் துப்பாக்கியின் தனித்தன்மை முழுக்க ரிசீவரில் இருக்கிறது. மற்ற பம்ப் துப்பாக்கிகளில் வலப்பக்கம் ஒரு வாய் திறந்திருக்கும், சுட்ட கூடு அதன் வழியே பறக்கும். 37-க்கு இருபக்கமும் மூடிய எஃகுச் சுவர். அடியில் உள்ள ஒரே வாய் வழியாகத்தான் புதுத் தோட்டா உள்ளே போகிறது, சுட்ட கூடும் அதே வழியில் காலடியில் விழுகிறது. மழையும் பனியும் காய்ந்த இலையும் உள்ளே போக வழி குறைவு. இடக்கைப் பழக்கம் உள்ளவர்கள் முகத்துக்குக் குறுக்கே கூடு பறக்குமே என்று கவலைப்பட வேண்டாம். பக்கத்திறப்பு இல்லாததால் ரிசீவரைச் சின்னதாகவும் மெலிதாகவும் செய்ய முடிந்தது. 12 போர் சுமார் ஆறரை பவுண்டு, 16 போர் சுமார் ஆறு, 20 போர் அதைவிடக் கொஞ்சம் குறைவு. நாள் முழுக்க முள்செடிக்குள் நடக்கும் சிறு வேட்டையில் இந்த எடைக் குறைவு மதியத்துக்கு மேல்தான் தெரியும். கனத்த துப்பாக்கிக்காரரின் கை தளர்ந்து முனை தாழும் நேரத்தில் 37 இன்னும் மார்பு மட்டத்தில் தயாராக இருக்கும்.

இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. உதை என்பது எளிய கணக்கு: ஒரே தோட்டாவை எட்டு பவுண்டுத் துப்பாக்கியில் சுடுவதைவிட ஆறு பவுண்டில் சுட்டால் தோளில் வரும் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய 37-களின் பின்தட்டு வேறு கடினமானது. ஒன்றேகால் அவுன்ஸ் மேக்னம் தோட்டாக்களை இதில் போட்டு நாள் முழுக்கச் சுட நினைப்பவர்கள் வேறு துப்பாக்கி பார்ப்பது நல்லது. இது ஒரு அவுன்ஸுக்குப் பொருத்தமான துப்பாக்கி. ஒரு பவுண்டு ஈயத்தைப் பதினாறு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை நுழையும் அளவே 16 போர் என்பதால், ஒரு உருண்டையின் எடையே ஒரு அவுன்ஸ்தான். அந்த எடை ரவையை (தோட்டாவுக்குள் உள்ள சிறு உலோக உருண்டைகள்) 16 போர் குழல் சுத்தமாகப் பரப்பும்.

இன்னொரு குறை, பக்கத்திறப்பு இல்லாததால் அவசரத்துக்கு ஒற்றைத் தோட்டாவைக் குழல் அறையில் நேராகப் போட முடியாது. அடியிலிருந்து மகசின் குழாய்க்குள் தள்ளி, பம்ப் செய்துதான் ஏற்ற வேண்டும். அறை காலியா என்று பார்ப்பதும் எளிதல்ல. ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, துப்பாக்கியைப் புரட்டி, அடிவாய் வழியாகக் கண்ணால் பார்த்துவிட்டுச் சுண்டுவிரலையும் விட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும். பக்கத்திறப்புத் துப்பாக்கியில் பழகியவர்கள் இதாகாவில் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு 'காலி' என்று சொல்லிவிடுவது ஆபத்தான பழக்கம்.

கடையில் எப்படிச் சோதிப்பது? குழலை முதலில் கழற்றச் சொல்லுங்கள். மகசின் குழாயின் நுனியில் ஒரு நட்டு இருக்கும். அதைத் திருகிக் குழலின் அடியில் உள்ள கொக்கியிலிருந்து விலக்கி, குழலைக் கால்வட்டம் திருப்பினால் கழன்று வரும். குழல் ரிசீவரில் பொருந்துவது இடைவிட்ட மரையால். பூட்டிய நிலையில் ரிசீவரை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. மரை தேய்ந்தால் சரிசெய்யும் செலவு துப்பாக்கி விலையை நெருங்கிவிடும். வரிசை எண்ணையும் பாருங்கள்: 855000-க்குக் கீழே இருந்தால் குழல் அந்த ரிசீவருக்கென்று கையால் பொருத்தப்பட்டது. வேறு குழலை வாங்கி மாட்ட முடியாது, துப்பாக்கி மெக்கானிக் பொருத்தித் தர வேண்டும். அதற்கு மேல் உள்ள எண்களில் குழல்கள் ஒன்றுக்கொன்று மாறும். குழலில் சோக் (ரவை அதிகம் சிதறாமல் இருக்க முனையில் உள்ள ஒடுக்கம்) நிலையானது என்பதால், பின்னாளில் இரண்டாவது குழல் வேண்டும் என்று தோன்றும்போது இந்த ஒரு எண் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

கழற்றிய குழலை வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து மெல்ல உருட்டிப் பாருங்கள். உட்சுவரில் தெரியும் வெளிச்ச வளையங்கள் வட்டமாக ஒழுங்காக இருக்க வேண்டும். ஓரிடத்தில் நிழல் வளையம் ஒன்று தெரிந்தால் அங்கே குழல் வீங்கியிருக்கிறது. முனையில் பனியோ சேறோ அடைத்திருந்தபோது சுட்டதால் வருவது இது. வீங்கிய குழலை வாங்காதீர்கள். சின்ன நெளிவு என்றால் மெக்கானிக் உள்ளிருந்து தட்டி எடுத்துவிடுவார். துருக்குழிகள் குழலின் நடுவில் இருந்தால் பெரிதாகக் கெடுதல் இல்லை. தோட்டா அமரும் அறையில் இருந்தால் கெடுதல். பிளாஸ்டிக் கூடு வெடியின் அழுத்தத்தில் அந்தக் குழிகளுக்குள் புடைத்து ஒட்டிக்கொள்ளும், கூட்டை இழுக்கும் கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு பின்னுக்கு வரும்.

குழலில் அச்சிட்டிருக்கும் சோக் அளவை அப்படியே நம்ப வேண்டாம். வெட்டிய குழல்கள் நிறைய உலவுகின்றன. முனை சரியான வட்டமாக, உள்விளிம்பு சீராக இருக்கிறதா, முன்குறி மணி நடுவில் நேராக இருக்கிறதா, முனைக்கும் மணிக்கும் உள்ள இடைவெளி இயல்பாக இருக்கிறதா என்று பாருங்கள். 12 போர் வாங்குபவர்களுக்கு ஒரு கைச்சோதனை உண்டு: அமெரிக்கப் பத்து சென்ட் நாணயம் 17.9 மி.மீ. குறுக்களவு கொண்டது. முழு சோக் என்றால் அது முனையில் நுழையாது. 16 போருக்கு இந்தச் சோதனை செல்லாது, அளவுமானி வேண்டும். 16 போரில் இன்னொன்றையும் மெக்கானிக்கிடம் அளக்கச் சொல்லுங்கள்: அறையின் நீளம். பழங்கால 16 போர் துப்பாக்கிகள் சில 2 9/16 அங்குல அறை கொண்டவை, இன்று விற்கும் தோட்டா 2 3/4 அங்குலம். நீளத் தோட்டா குட்டை அறையில் நுழைந்துவிடும், ஆனால் சுடும்போது வாய் விரிய இடம் இல்லாமல் அழுத்தம் ஏறும்.

அடுத்தது, 37-இல் உண்மையில் கெட்டுப்போகிற இடம்: தோட்டா நிறுத்திகள். மகசின் குழாயின் வாயில் இரண்டு பக்கமும் உள்ள மெல்லிய எஃகுத் தகடுகள் இவை. ஒவ்வொரு பம்புக்கும் ஒரே ஒரு தோட்டாவை மட்டும் விடுவது இவற்றின் வேலை. மூக்கு தேய்ந்தாலோ, வில் தளர்ந்தாலோ, எண்ணெய்ப் பிசின் ஒட்டிக்கொண்டாலோ இரண்டாவது தோட்டாவும் பின்னால் நழுவி வந்து ஏந்துதட்டுக்கும் (தோட்டாவை அறைக்குத் தூக்கும் தட்டு) போல்ட்டுக்கும் (அறையைப் பின்னிருந்து மூடும் பாகம்) இடையில் மாட்டிக்கொள்ளும். துப்பாக்கி பாதியில் உறைந்து நிற்கும். இதைக் கடையிலேயே கண்டுபிடிக்கலாம். உரிமையாளரிடம் டம்மி தோட்டா நான்கு கேளுங்கள். மகசினில் ஏற்றி, முதலில் மெதுவாகவும் பிறகு வேகமாகவும் பம்ப் செய்யுங்கள். மெதுவாகச் செய்யும்போது மட்டும் சிக்கினால் பெரும்பாலும் அழுக்கு. வேகத்தில் மட்டும் இரட்டைத் தோட்டா வந்தால் நிறுத்தி தேய்ந்திருக்கிறது. நிறுத்தியை மாற்றலாம், ஆனால் புதுத் தகட்டை அரத்தால் பொருத்திச் சரிபார்க்க வேண்டும். வீட்டில் செய்கிற வேலை இல்லை.

விசையைச் சோதிக்க, துப்பாக்கி காலி என்று உறுதி செய்துவிட்டு ஸ்லைடை இழுத்து மூடுங்கள். சேஃப்டி போட்டு விசையை அழுத்துங்கள், எதுவும் நடக்கக் கூடாது. விரலை எடுத்துவிட்டு சேஃப்டியைத் தளர்த்துங்கள், அப்போதும் உள்ளே 'க்ளிக்' கேட்கக் கூடாது. விசையில் விரல் இல்லாமல் ஸ்லைடைப் பலமாக முன்னுக்குத் தள்ளி மூடுங்கள், சுத்தியல் கூடவே விழுந்தால் அந்தத் துப்பாக்கியைக் கீழே வைத்துவிடுங்கள். 1975-க்கு முந்தைய 37-களில் ஒரு விஷயம் பலரைக் குழப்பும். விசையை அழுத்திப் பிடித்தபடி ஸ்லைடை மூடினால் சுத்தியல் விழும், அதாவது தோட்டா இருந்தால் வெடிக்கும். அது பழுதல்ல, விசையைத் தனியே துண்டிக்கும் பாகம் அந்தக் கால வடிவமைப்பில் கிடையாது. சிறு வேட்டையில் இதன் பொருள் ஒன்றே: சுட்டவுடன் விரல் விசையை விட்டு விலக வேண்டும், பிறகே பம்ப். நவீன துப்பாக்கியில் விசையை அழுத்தியபடியே பம்ப் செய்து பழகியவர் இதை எடுத்தால், இரண்டாவது தோட்டா குறி வைப்பதற்கு முன்பே போய்விடும். நாயும் துணைக்கு வந்தவர்களும் பக்கத்தில் நடக்கும் வேட்டை இது. டம்மி தோட்டாவில் இந்தப் பழக்கத்தை முழுதாக மாற்றாமல் வயலுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கட்டையில் பார்க்க வேண்டியது, ரிசீவரைத் தொடும் இடத்தில் மயிரிழை விரிசல். அந்த இடத்து மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் அழுந்துகிறதா என்றும் பாருங்கள். பல வருடம் முனை மேலாக நிறுத்தி வைத்தால் எண்ணெய் ரிசீவரிலிருந்து வழிந்து கட்டைக்குள் இறங்கும். ஊறிய மரம் உதையைத் தாங்காமல் பிளக்கும். இதனால்தான் வாங்கிய பிறகு, எண்ணெய் போட்ட துப்பாக்கியை முனை கீழாக நிறுத்தச் சொல்கிறோம். திருகுகளின் வெட்டுப் பள்ளம் சிதைந்திருந்தால், அளவு சேராத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

சுத்தம் செய்யும் விஷயத்தில் 37 நல்ல மதிப்பெண் வாங்காது. இன்னொரு பம்ப் துப்பாக்கியான ரெமிங்டன் 870-இல் இரண்டு ஊசிகளைத் தட்டினால் விசைக் கூட்டம் கையோடு வந்துவிடும். இதாகாவில் முதலில் பின்தட்டின் திருகுகளைக் கழற்றி, நீண்ட ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுக் கட்டையின் போல்ட்டைத் திருகி, கட்டையை எடுத்த பிறகே விசைத்தட்டின் திருகைக் கழற்றிப் பின்பக்கமாக இழுத்து எடுக்க முடியும். இவ்வளவு வேலை என்பதால் பெரும்பாலானோர் செய்வதே இல்லை. அறுபது வருட எண்ணெய் உள்ளே காய்ந்து பழுப்புப் பிசினாகி உட்கார்ந்திருக்கும். 'இந்தத் துப்பாக்கி சிக்குகிறது' என்று விலை குறைத்து விற்கப்படும் 37-களில் நிறைய இந்தப் பிசினால்தான் சிக்குகின்றன. கரைப்பானில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, உராயும் இடங்களில் மட்டும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டால் புதிதுபோல ஓடும். நிறைய எண்ணெய் விடாதீர்கள். உறைநிலைக்குக் கீழே கெட்டியாகும் எண்ணெய் சுத்தியலின் வேகத்தைக் குறைக்கும், பிரைமரில் (தோட்டாவின் அடியில் உள்ள தீமூட்டி) லேசான பள்ளம் மட்டும் விழுந்து தோட்டா வெடிக்காது. ஜனவரியில் பனியில் முயலுக்குப் போகிறவர்கள் ரிசீவரின் உட்பக்கத்தைக் கிட்டத்தட்ட உலர்வாகவே வைத்திருப்பது நல்லது.

ஒவ்வொரு வேட்டைக்குப் பிறகும் செய்ய வேண்டியது அவ்வளவு இல்லை. குழலைக் கழற்றி, கரைப்பான் தோய்த்த 16 போர் பிரஷ்ஷை அறைப் பக்கமிருந்து பத்து முறை ஓட்டி, கால் மணி நேரம் விட்டு, துணியால் துடைத்துவிடுங்கள். அறை முடிந்து குழல் ஒடுங்கும் இடத்திலும் சோக்கிலும் பிளாஸ்டிக் வாட் (மருந்துக்கும் ரவைக்கும் நடுவில் உள்ள அடைப்பு) உருகி ஒட்டியிருக்கும், துணி அங்கே இழுபடுவது கையில் தெரியும். அந்த இழுபடல் நிற்கும்வரை பிரஷ் போடுங்கள். ஈரத்தில் போய்வந்தால் துப்பாக்கியை உறைக்குள் வைக்காதீர்கள். நுரை வைத்த உறை ஈரத்தை ஒரு வாரம் பிடித்து வைத்திருக்கும், எடுக்கும்போது குழல் முழுக்கச் சிவப்புப் புள்ளி.

கைக்குப் பொருந்துகிறதா என்பதும் பார்க்க வேண்டியதே. கண்ணை மூடித் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் பதித்து, பிறகு கண்ணைத் திறங்கள். முன்குறி மணி ரிசீவரின் மேல்விளிம்புக்குச் சற்று மேலே உட்கார்ந்திருக்க வேண்டும். ரிசீவரின் முதுகு மட்டும் தெரிந்தால் கட்டை தாழ்வு, ரவை கீழே போகும். குழலின் நீளம் முழுதும் சரிவாகத் தெரிந்தால் கட்டை உயரம், ரவை மேலே போகும். பழைய கட்டைகள் தாழ்வாக இருப்பதே வழக்கம். கன்னம் படும் இடத்தில் தோல் பட்டை கட்டி உயர்த்திக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு முதல் வேலை, காகிதத்தில் சுட்டுப் பார்ப்பது. 40 கஜ தூரத்தில் பெரிய காகிதம், ஒரே தோட்டாவால் ஐந்து முறை, ஒவ்வொரு முறையும் புதுத் தாள். அடர்த்தியான இடத்தை நடுவாக வைத்து 30 அங்குல வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ணுங்கள். 6-ஆம் எண் ஈய ரவை (எண் கூடினால் ரவை சின்னது) ஒரு அவுன்ஸில் சுமார் 225 இருக்கும். அதில் சுமார் 157 வட்டத்துக்குள் விழுந்தால் 70 சதவீதம், முழு சோக். 135 என்றால் 60 சதவீதம், மாடிஃபைடு (நடுத்தர ஒடுக்கம்). பாதி என்றால் இம்ப்ரூவ்டு சிலிண்டர் (குறைந்த ஒடுக்கம்). பழைய குழல்கள் இன்றைய பிளாஸ்டிக் வாட் தோட்டாவில், தாம் செய்யப்பட்ட காலத்து அட்டைத் தோட்டாவைவிட இறுக்கமாகப் போடும். 'மாடிஃபைடு' என்று அச்சிட்ட குழல் முழு சோக்குபோல நடந்துகொள்வது சாதாரணம். ஆகவே எழுத்தைவிடக் காகிதத்தை நம்புங்கள்.

பழைய 37-களில் பெரும்பாலானவை முழு சோக் அல்லது மாடிஃபைடு. இது சிறு வேட்டைக்கு எவ்வளவு ஒத்துவரும் என்பது விலங்கைப் பொறுத்தது. சாம்பல் அணிலுக்கு முழு சோக் அருமையாகப் பொருந்தும். ஹிக்கரி, ஓக் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, 25 முதல் 35 கஜத்தில் மரக்கிளையில் நிற்கும் அணிலைச் சுடுவது அது. தோல் தடித்த விலங்கு என்பதால் 6 அல்லது 5-ஆம் எண் ரவை, தலையைக் குறிவைத்து. 7½ போட்டால் காயம்பட்டுப் பொந்துக்குள் போய்விடும், அது பெரும் பாவம். முயலுக்கு நிலைமை தலைகீழ். காட்டன்டெயில் முயல் புதரிலிருந்து பீறிட்டு 15, 20 கஜத்தில் குறுக்கே ஓடும். அந்தத் தூரத்தில் முழு சோக்கின் ரவை இன்னும் கொத்தாகவே இருக்கும், ஒன்று தப்பும், அல்லது கறி கூழாகும். பீகிள் நாய் விரட்டினால் முயல் பெரிய வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பும். முயல் கிளம்பிய இடத்தருகே சற்று மேடான, பார்வை திறந்த இடத்தில் நின்று காத்திருப்பதே முறை. நாய் எங்கே என்று கண்ணில் படாமல் தரையை நோக்கிச் சுடவே கூடாது.

37 பிறந்த ஊரின் வேட்டை என்றால் ரஃப்டு க்ரௌஸ் என்ற காட்டுப் பறவைதான். கைவிட்ட ஆப்பிள் தோட்டம், இளம் ஆஸ்பன் காடு, முட்புதர்ச் சரிவு. காலடியில் இடிபோலச் சிறகடித்துக் கிளம்பி, இரண்டு நொடிக்குள் மரத்துக்குப் பின்னால் மறையும் பறவை. இங்கேதான் ஆறு பவுண்டு எடையும் குட்டைக் குழலும் தம் விலைக்கு ஈடு கட்டுகின்றன. 26 அங்குல இம்ப்ரூவ்டு சிலிண்டர் குழல், 7½ அல்லது 8-ஆம் எண் ரவை ஒரு அவுன்ஸ். இந்தக் குழலோடு 16 போர் 37 கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் விலை கேட்டாலும் கொடுக்கலாம். ஆல்டர் புதர்களில் கிடைக்கும் வுட்காக் பறவைக்கும் இதே தோட்டா போதும். ஆனால் அது வலசைப் பறவை. கூட்டாட்சி விதிப்படி துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாவுக்கு மேல் ஏறக் கூடாது, நாளொன்றுக்கு மூன்று பறவை வரை. பழைய துப்பாக்கியின் மகசினில், ஏறும் தோட்டாக்களைக் குறைக்கும் மரச் செருகி இருக்கிறதா என்று பாருங்கள். யாரோ எடுத்துப் போட்டிருப்பார்கள். ஃபெசன்ட் பறவைக்கு மாடிஃபைடு சோக், 5 அல்லது 6-ஆம் எண், ரவை கொஞ்சம் அதிகமாக, அதாவது 1⅛ அவுன்ஸ்.

முழு சோக்கை இளக்கலாம். துப்பாக்கி மெக்கானிக் ரீமரால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு வீதம் வழித்து, இடையிடையே காகிதத்தில் சுட்டுப் பார்த்துக் கொடுப்பார். எடுத்த உலோகம் திரும்பாது என்பதால் ஒரேயடியாக எடுக்கச் சொல்லாதீர்கள். மாற்றும் சோக் குழாய் போட ஆசைப்படுபவர்கள் முதலில் குழல் சுவரின் தடிமனை அளக்கச் சொல்லுங்கள். 37-க்கு இதாகா வைத்த 'ஃபெதர்லைட்' (இறகுபோல் லேசானது) என்ற பெயருக்கு ஏற்ப அது மெலிது. இரும்பு ரவையைப் பழைய முழு சோக் குழலில் போடவே வேண்டாம், இரும்பு ஈயம்போல நசுங்காது, சோக்கைப் புடைக்க வைக்கும். 1991 முதல் நீர்ப்பறவை வேட்டையில் ஈயம் நாடு முழுக்கத் தடை. சில அரசு நிலங்களில் சிறு வேட்டைக்கும் தடை உண்டு. அங்கே பிஸ்மத் உலோக ரவைத் தோட்டா வாங்குங்கள், விலை அதிகம், ஆனால் பழைய குழலுக்குக் கெடுதல் இல்லை.

சுடும்போது சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, 'புஸ்' என்று வந்தால் உடனே நிறுத்துங்கள். வாட் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதன் பின்னால் அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் கிழியும். தோட்டாவை எடுத்துவிட்டு, குழலைக் கழற்றி ஒளியில் பார்த்த பிறகே அடுத்தது. வீட்டில் 12, 20 இரண்டு போரும் வைத்திருப்பவர்கள் தோட்டாக்களைக் கலந்து பையில் போடாதீர்கள். 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கி முன்னே போய் நின்றுகொள்ளும், பின்னால் ஒரு 12 தோட்டாவும் ஏறும். 20 போர் கூடுகள் மஞ்சளாக வருவது இதற்காகத்தான்.

கறி விஷயம்: முயலை உரிக்கும்போது கையுறை கட்டாயம், துலரீமியா என்ற நோய் தோல் கீறல் வழியாகத் தொற்றும். ஈரலில் வெள்ளைப் புள்ளிகள் சிதறியிருந்தால் முழு முயலையும் விட்டுவிடுங்கள். ரவை நுழைந்த ஒவ்வொரு ஓட்டையிலும் ரோமம் உள்ளே போயிருக்கும், கத்தி நுனியால் எடுத்துவிட்டு, இரத்தம் கட்டிய சதையைத் தாராளமாக வெட்டி எறியுங்கள், ஈயத் துகள் அங்கேதான் இருக்கும். அணிலைச் சூடு ஆறுவதற்குள் உரித்தால் தோல் சட்டைபோல வரும், ஆறிவிட்டால் போராட்டம். கிழட்டு அணில் வாணலியில் வேகாது, நம் வீட்டுக் குக்கர் அதற்குச் சரியான பாத்திரம்.

சட்டம் தெரியாமல் இறங்க வேண்டாம். உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கினால் பின்னணிச் சோதனை உண்டு, வேட்டைக்கு மாநிலத்தின் பயிற்சி வகுப்பும் உரிமமும் வேண்டும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தடை இல்லை. வேலை விசாவில் உள்ளவர்களுக்குப் பொதுவாகத் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு. மாநில விதிகள் இதற்கு மேல் தனி. இந்தியாவில், நம் ஊரில் இருப்பவர்களுக்கு: 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், கௌதாரி, காடை எதைச் சுட்டாலும் குற்றம். இந்த மதிப்புரையை அங்கே பொருத்திப் பார்க்காதீர்கள்.

யாருக்கு இது வேண்டாம்? வாத்தும் வான்கோழியும் முதன்மை என்பவர்களுக்கு, மூன்று அங்குலத் தோட்டா வேண்டும் என்பவர்களுக்கு, கட்டையைக் கழற்றிச் சுத்தம் செய்யப் பொறுமை இல்லாதவர்களுக்கு 870 எடுப்பதே நல்லது, அதன் இரட்டைக் கம்பி ஸ்லைடு முரட்டுக் கையையும் தாங்கும். வின்செஸ்டர் மாடல் 12 இதைவிட மென்மையாக ஓடும் என்பார்கள், உண்மைதான், ஆனால் கனம் கூடுதல், சேகரிப்பவர்களின் போட்டியும் உண்டு.

16 போர் எடுப்பவர்கள் தோட்டாவுக்குத் திட்டமிட வேண்டும். பெரிய விளையாட்டுப் பொருள் கடையிலும் 12-க்கு ஒரு சுவர் என்றால் 16-க்கு ஒரு தட்டு, அதுவும் அக்டோபரில் காலி. கோடையிலேயே 6-ஆம் எண் நாலு பெட்டி, 7½ நாலு பெட்டி, ஒரே பிராண்டாக வாங்கி வையுங்கள். பிராண்டு மாறினால் காகிதத்தில் எண்ணிய கணக்கு மறுபடி முதலிலிருந்து.